மணல் ஃபில்டரும் ஒன்பது மீன்களும்

மூன்று வருடம் கழித்து என் மகள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "அத்தா, வீட்டுப் பின்னாடி குளம் வெட்ட இடம் இருக்குமா?" என்பது. நலம் விசாரிப்பு கிடையாது, அழுகை கிடையாது. நானும் லேசுப்பட்டவன் இல்லை. "எத்தன அடி?" என்று கேட்டேன்.

உத்தமபாளையத்தில் சொட்டுநீர்ப் பாசனக் கடை வைத்திருக்கிறேன். கோம்பைப் பக்கம் வாழைத்தோப்புக்கும் கம்பம் பக்கம் திராட்சைப் பந்தலுக்கும் குழாய் இழுத்துக் கொடுத்தே இந்த வயதுக்கு வந்துவிட்டேன். மகள் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது அவள் அம்மா மவுத்தாகிவிட்டாள். அதன் பிறகு மகள் கோட்டயத்துக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே ஒரு மலையாளத்துப் பையனைப் பிடித்துவிட்டது. தொழுகிற பையன், நல்ல வேலை, கெட்ட பழக்கம் இல்லை. நான் பார்த்துக் கொண்டுவந்த மாப்பிள்ளை இல்லை என்பதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒன்று எனக்குப் போதுமானதாக இருந்தது. நிக்காஹ்வுக்குத் தகப்பன் சம்மதம் வேண்டும் என்பதால் போனேன். பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டபோது சம்மதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டேன். பிறகு நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

இப்போது அவளும் மாப்பிள்ளையும் கத்தாருக்குப் போகிறார்கள். வாடகை வீட்டுத் தொட்டியில் ஒன்பது கோய் மீன் வளர்க்கிறார்களாம். நம் கெண்டைக்குச் சொந்தக்கார மீன்தான், சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகச் சாயம் தோய்த்தது போல இருக்கும், முழங்கை நீளத்துக்கு மேல் வளரும். "விக்க மனசு வரல அத்தா. நாங்க திரும்பி வர்ற வரைக்கும் நீங்க வச்சிருப்பீகளா?" என்றாள். சரி என்றேன். போனை வைத்தபின் கடைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றேன். வாங்க வந்தவர் அரை அங்குல எண்ட் கேப்பை இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

அன்றைக்கே போனில் ஒரு வரைபடம் அனுப்பினாள், பிரிண்ட் எடுத்தேன். சிவில் படித்தவள், நாலு பக்கம் அளவோடு போட்டிருந்தாள். பத்தடிக்கு ஏழடி, நாலரை அடி ஆழம். குளத்தின் தரை நாலு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சரிய வேண்டும், நடுவில் நாலு அங்குல வடிகால். அந்தக் குழாய் மண்ணுக்கடியில் போய், குளத்து மட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும் மூன்று டிரம்களில் முதலாவதில் ஏறும். இதற்கு மோட்டார் கிடையாது. கடைசி டிரம்மில் பம்ப் தண்ணீரை எடுக்க எடுக்க, குளத்துத் தண்ணீர் தன் எடையிலேயே மெதுவாக வந்து சேரும். முதல் டிரம்மில் கசடு படியும், இரண்டாவதில் பிரஷ், மூன்றாவதில் ஸ்பாஞ்சு. குளத்துக்குத் தண்ணீர் திரும்புகிற குழாய்களைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தால் குளம் லேசாகச் சுழலும், கழிவு தானாக நடுவுக்கு ஒதுங்கும். சட்டென்று மடங்கும் எல்போ போடாதீர்கள், நீளமாக வளைந்த பெண்ட் போடுங்கள் என்று ஓரத்தில் எழுதியிருந்தாள்.

பெரிய குழாய், மெதுவான தண்ணீர். எனக்கு உடம்புக்கே ஒத்துக்கொள்ளாத சமாச்சாரம். எங்கள் தொழிலில் தண்ணீர் என்றால் பிரஷர். பிரஷர் இல்லாவிட்டால் கடைசி வரிசைத் தென்னைக்கு ஒரு சொட்டு போகாது. ஃபில்டர் என்றால் மணல் ஃபில்டர், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு பிரஷர் கேஜ். முன் கேஜும் பின் கேஜும் காட்டும் அளவு விலகினால் அடைப்பு என்று அர்த்தம், உடனே தண்ணீரைத் தலைகீழாக விட்டுக் கழுவ வேண்டும். ஃபில்டருக்குள் வழவழவென்று ஒரு பாசி பிடிக்கும், அதுதான் எங்களுக்குப் பரம எதிரி. அது ஒரு கடுகளவு உரிந்து போனாலும் சொட்டு விடுகிற டிரிப்பர் அடைத்துக்கொள்ளும். அதைக் கொல்ல ப்ளீச்சிங் விடுவோம், உப்பு படிந்தால் ஆசிட் விடுவோம். ஃபில்டரைக் கழுவாமல் வைத்திருந்த விவசாயச் சம்சாரிகளைத் தோட்டத்து வரப்பிலேயே வைத்து ஏசியிருக்கிறேன்.

அவள் தாளின் மூன்றாம் பக்கத்தில் பராமரிப்பு என்று தலைப்புப் போட்டு, "ஸ்பாஞ்சை வெள்ளையாகக் கழுவக் கூடாது. குளத்துத் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாள். படித்தேன். எனக்கு ஃபில்டர் சொல்லிக் கொடுக்கிறாளாக்கும் என்று நினைத்து மடித்து மேசை டிராயரில் போட்டேன்.

பிறகு என் இஷ்டத்துக்குக் கட்டினேன். நாலு அங்குல வடிகாலை வாயிலேயே இரண்டு அங்குலத்துக்குக் குறுக்கி, நேராக ஒரு குதிரைசக்தி மோட்டாருக்குக் கொடுத்து, அங்கிருந்து மணல் ஃபில்டர். பேச்சுக்கு ஒரே ஒரு டிரம் வைத்து அதில் ஸ்பாஞ்சு அடுக்கினேன். முதல் டிரம்மில் செங்குத்தாக ஒரு குழாயை நிற்க வைத்து, அதை உருவினால் கசடு வெளியேறும்படி வரைந்திருந்தாள். வால்வு வைக்கத் தெரியாமல் இப்படிப் போட்டிருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே, தரையில் குழி எடுத்து, கையால் திருகும் பால் வால்வு வைத்தேன். என் புத்தியில் ஒன்றே ஒன்று உருப்படியாக இருந்தது. நம் பள்ளத்தாக்கில் ஆனியும் ஆடியும் மேற்கிலிருந்து காற்று ஆளையே தள்ளும். மிதக்கிற குப்பையெல்லாம் கிழக்குச் சுவரில்தான் போய் ஒட்டும் என்பதால் மேல்தண்ணீர் இழுக்கும் வாயைக் கிழக்கில் வைத்தேன். அவள் வடக்கில் போட்டிருந்தாள். கோட்டயத்தில் இந்தக் காற்று ஏது?

வைகாசிக் கடைசியில் மாப்பிள்ளை மீன்களைக் கொண்டுவந்தார். ஆக்சிஜன் அடைத்த பெரிய பைகளில், ஈரச் சாக்கு போர்த்தி, குமுளி மலை இறங்கி ஜீப்பில் வந்திருந்தார். பைகளை அப்படியே குளத்தில் மிதக்கவிட்டு, சூடு சமமாகட்டும் என்று அரை மணி நேரம் வெயிலில் நின்றார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. டீயைக் கடையிலிருந்து வரவழைத்து, நின்ற இடத்திலேயே கொடுத்தேன். அவர் என் மணல் ஃபில்டரைப் பார்த்தார், குழாயைக் கண்ணாலேயே தொடர்ந்து போய் மோட்டாரைப் பார்த்தார்.

"மாமா, இந்த ஃபில்டர் கொறச்சு..."

"என்ன கொறச்சு?" கொஞ்சம் என்பதைத்தான் மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள்.

"ஒன்னும் இல்ல மாமா. நல்லா உண்டு."

டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர்கள் கத்தார் போன மறுநாளிலிருந்து தினமும் போன் வந்தது. மாலையில் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் சரியாக ஐந்தரைக்கு வீடியோ கால். "மீனக் காட்டுங்க அத்தா." காட்டுவேன். இரை போடுவேன். ஒன்பதும் மேலே வந்து வாயைப் பிளக்கும். நெற்றியில் மட்டும் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை மீன் ஒன்று, அது அவளுடைய செல்லம், கைவிரலையே சப்பும். அவள் அங்கே சிரிப்பது கேட்கும். ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு. "சரி அத்தா, நாளைக்கு" என்று வைத்துவிடுவாள். என்னைப் பற்றி அவளும் கேட்பதில்லை, அவளைப் பற்றி நானும் கேட்பதில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

தனியாக இருப்பவன் வீட்டில் சத்தமே இருக்காது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் ஒரு சத்தம், குக்கர் விசில் ஒரு சத்தம், அதுவும் மெஸ்ஸில் சாப்பிட ஆரம்பித்த பிறகு கிடையாது. நோன்பு நாளில் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கித் தூக்குவாளியில் கொண்டுவந்து, ஒரு பேரீச்சம்பழத்தை எதிரே வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருப்பேன். எதிர்ப்பக்கம் ஆள் இருக்காது. மூன்று வருடம் அப்படி இருந்தவனுக்கு ஐந்தரை மணி என்று ஒன்று வந்துவிட்டது. நாலு மணியிலிருந்தே கடையில் வேலை ஓடாது. எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. அவள் கூப்பிடுவது மீனுக்காக. மீன் இருக்கும் வரைக்கும் போன் வரும்.

அதனால் அந்தக் குளத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். தினமும் காலையில் மணல் ஃபில்டரைத் தலைகீழாக ஓடவிட்டுக் கழுவினேன். ஸ்பாஞ்சுகளை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் கசக்கினேன், பழுப்பு போய்ப் பளிச்சென்று வருகிறவரை விடமாட்டேன். வாரத்துக்கு ஒருமுறை ப்ளீச்சிங் கரைசலில் ஊறவைத்து அலசி, துணி காயப்போடும் கொடியில் தொங்கவிடுவேன். காய்ந்தபின் மாட்டுவேன். தண்ணீர் அப்படி இருக்கும், நாலரை அடி ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லின் கோடு தெரியும். கடைக்கு வருகிறவர்களைக் கூட்டிப் போய்க் காட்டினேன். "ராவுத்தரே, இதைக் குடிக்கலாம் போல இருக்கே" என்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் சின்ன மஞ்சள் மீன் செத்து மிதந்தது. மலை இறங்கி வந்த அலுப்பு என்று நினைத்தேன். எலுமிச்சை மரத்தடியில் புதைத்தேன். மறுவாரம் ஒரே காலையில் இரண்டு. அவற்றின் செதிலடியில் ரத்தக் கோடு ஓடியிருந்தது. தண்ணீரில் ஏதோ அழுக்கு என்று முடிவு செய்து, காலையில் கழுவியதை மாலையிலும் கழுவ ஆரம்பித்தேன்.

ஐந்தரைக்குப் போன் வந்தபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரையை ஒரே இடத்தில் கொட்டினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும், அதில் ஆறா ஒன்பதா என்று யாருக்குத் தெரியும்? போனைக் கிட்டத்தில் கொண்டுபோய்த் தண்ணீர் தெறிப்பதைத்தான் காட்டினேன். "மத்ததெல்லாம் நெழலுக்கு ஒதுங்கிருச்சும்மா, காத்து ஜாஸ்தி" என்றேன். காற்றும் ஒத்தாசையாக அடித்துக்கொண்டிருந்தது. "சரி அத்தா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

பிறகு ஒன்று. அதற்கும் பிறகு பொட்டு வைத்த மீன். அது சாகிறதுக்கு முந்திய இரண்டு நாளும் திரும்புகிற குழாயின் வாயிலேயே நின்று மூச்சுக்குத் திணறியது. கையைக் கொடுத்தேன், சப்பவில்லை. அதைப் புதைக்கும்போது அழுதேன். மீனுக்காக மட்டும் அழுததாகச் சொன்னால் பொய்.

அன்றைக்கு எனக்கு ஒரு கேடுகெட்ட யோசனை வந்தது. மறுநாள் போனில் அதன் போட்டோவை வைத்துக்கொண்டு, பத்து லிட்டர் கேனில் எங்கள் குளத்துத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு, தேனிக்கு பஸ் ஏறினேன். புது மீனைப் பழகிய தண்ணீரில் கொண்டுவர வேண்டும் என்கிற அளவுக்கு விவரம் இருந்தது. அல்லிநகரத்தில் ஒரு மீன் தொட்டிக் கடை. முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண் தனியாக நடத்துகிறாள். போட்டோவைக் காட்டி, "இதே மாதிரி ஒன்னு வேணும்" என்றேன்.

"இதே மாதிரின்னா?"

"அச்சு அசலா."

"இது என்ன சார் பொடவையா, உள்ள போயி இன்னொரு பீஸ் எடுத்தாந்து குடுக்க?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "எப்பச் செத்துச்சு?"

"செத்துச்சுன்னு நான் சொல்லலையே."

"அச்சு அசலாக் கேக்குறவுக வீட்ல செத்துத்தான் போயிருக்கும். பிள்ளைகளுக்குத் தெரியாம மாத்தி வைக்க வருவாக. உங்க வீட்ல பிள்ளைக்கு எத்தன வயசு?"

"இருபத்தொம்போது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை இன்றைக்கும் மறக்கமுடியாது. கேனைப் பார்த்து, அது குளத்துத் தண்ணீரா என்று கேட்டாள். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினாள். "மஞ்சளா நின்னா நல்ல தண்ணி" என்றாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முருங்கைக்கீரை நிறத்துக்குப் போயிற்று.

"தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும்மா" என்றேன்.

"இருக்கும். மீனு போற மூத்திரம் கண்ணுக்குத் தெரியுமா சார்? ஃபில்டர எத்தன நாளைக்கு ஒருக்காக் கழுவுவீக?"

"தெனமும் ரெண்டு வாட்டி." இதைப் பெருமை குறையாமல்தான் சொன்னேன்.

அவள் குழாயைக் கீழே வைத்தாள். "எந்தத் தண்ணில?"

"குழாத் தண்ணில. வாரத்துக்கு ஒருக்கா ப்ளீச்சிங்."

"அந்த வழவழப்புல ஒரு கிருமி இருக்கு சார். மீன் போற விஷத்தத் திங்கிறது அதுதான். ஸ்பாஞ்சு அதுக்கு வீடு, அம்புட்டுத்தான். நீங்க தெனமும் அதக் கொன்னுட்டு மீன் ஏன் சாகுதுன்னு இங்கன வந்து நிக்கிறீக."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் யார் தெரியுமா, எத்தனை ஊரில் ஃபில்டர் போட்டவன் தெரியுமா என்று வாய் வரை வந்தது. ஆனால் இரண்டு கோடு இழுத்த அந்த வரி அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. மகள் எழுதி அனுப்பியிருந்தாள். படித்துவிட்டு மடித்துவைத்தவன் நான்.

புது மீன் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டாள். அதற்குப் பதிலாகத் தன் பெரிய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை எடுத்து, என் கேனைக் காலி பண்ணி, அதற்குள் பிழிந்தாள். சாக்கடை மாதிரி பழுப்பாக இறங்கியது. "இத ஊத்துங்க. விதைன்னு வச்சுக்கங்க. இரையக் கொறைங்க. தெனமும் கால்வாசித் தண்ணிய மாத்துங்க, புதுத்தண்ணியத் தொட்டில ஒரு நாள் ஆறவிட்டு ஊத்துங்க. ஃபில்டரத் தொட்டீகன்னா என்னயக் கேக்காதீக." இருபத்தாறு வருடம் தண்ணீரிலிருந்து அழுக்கை எடுத்துக் கொடுத்தவன், பத்து லிட்டர் கேனில் அழுக்கை வாங்கிக்கொண்டு தேனி பஸ் நிலையத்தில் நின்றேன். பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் டிராயரிலிருந்து தாளை எடுத்து, முதல் தடவையாக நாலு பக்கத்தையும் உட்கார்ந்து படித்தேன். மோட்டாரை முன்னால் வைத்தால் அது கழிவை அரைத்துக் கரைத்துவிடும், பிறகு எதாலும் பிரிக்க முடியாது, அதனால்தான் பம்ப் கடைசியில். நாலு அங்குலத்தை இரண்டாகக் குறுக்கினால் கசடு வழியிலேயே தங்கி அழுகும். எல்லாவற்றுக்கும் காரணம் எழுதியிருந்தாள். நாலாம் பக்கம் எனக்கு எழுதியது கூட இல்லை. கொத்தனாருக்கு என்று தலைப்பு. அதில் ஐந்தாவதாக ஒரு வரி: "கசடு வால்வைக் குழிக்குள் வைக்க வேண்டாம். அத்தாவுக்கு இடது முழங்கால் மடங்காது. நின்றபடியே உருவுகிற மாதிரி குழாய் வையுங்கள்."

இடது என்று கூட எழுதியிருந்தாள். நான் குழி எடுத்து வால்வு வைத்து, தினமும் ஒரு காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அதைத் திருகிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. வீட்டில் யாரும் இல்லாததால் வெட்கப்பட்டதையும் யாரும் பார்க்கவில்லை.

மீதி நாலு மீனைத் தார்ப்பாய்த் தொட்டியில் மாற்றி, காற்று பம்ப் ஓடவிட்டு, ஐந்து நாளில் எல்லாவற்றையும் பிரித்துக் கட்டினேன். மணல் ஃபில்டரைக் கடைக்கே அனுப்பினேன். நீல டிரம் மூன்று, டியூப் லெவல் பிடித்துக் குளத்து மட்டத்துக்கு விரல்கடை பிசகாமல் உட்கார வைத்தேன். நாலு அங்குலக் குழாய் கடைசிவரை நாலு அங்குலமாகவே போயிற்று. எல்போ ஒன்றுகூடப் போடவில்லை. பம்பைப் போட்டதும் குளம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது, ஒரு வேப்பிலை கிழக்கிலிருந்து புறப்பட்டுத் தெற்கே போய் மேற்கே திரும்பியது. சத்தமே இல்லை. அந்த அழுக்கை மூன்றாவது டிரம்மில் ஊற்றினேன்.

அதற்கப்புறம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. என்னை மாதிரி ஆளுக்கு அதைவிடத் தண்டனை வேண்டாம். ஸ்பாஞ்சு பழுப்பேறப் பழுப்பேறக் கை ஊறியது. தண்ணீர் கலங்கி, கூழாங்கல் மறைந்தது. பார்க்க வந்தவர்கள், என்ன ராவுத்தரே இப்படி விட்டுட்டீகளே என்றார்கள். அல்லிநகரத்துப் பெண் கொடுத்த மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு தினமும் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பேன். பச்சை, பச்சை, கொஞ்சம் வெளுத்த பச்சை. அதற்கு நடுவில் தினமும் ஐந்தரைக்கு நாலு மீனை ஒன்பதாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நாளும், பொட்டு மீன் எங்கே என்று கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்ததால் அதை யோசிக்கவில்லை.

ஆறாவது வாரத்தில் ஒரு நாள் கண்ணாடிக் குழாய் மஞ்சளாக நின்றது. குலுக்கினேன், மறுபடி விட்டேன், மஞ்சள்தான். நாலு மீனும் துடுப்பை விரித்துக்கொண்டு நடுக்குளத்தில் திரிந்தன. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கண்ணாடிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், கூடம் வரை நடந்து, திரும்பி வந்தேன். இந்தச் சந்தோஷத்தைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவள். அவளிடம் இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். என்ன ஆனாலும் சரி, போன் நின்றாலும் சரி என்று ஐந்தரை வரைக்கும் குளத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.

"மீனக் காட்டுங்க அத்தா" என்றாள்.

"காட்டுறதுக்கு நாலுதாம்மா இருக்கு. அஞ்சு செத்துப்போச்சு. நீ எழுதுனத நான் கேக்கல. கழுவிக் கழுவி நான்தான் கொன்னேன். ஒங்கிட்டப் பொய் சொன்னேன்."

போனைத் திருப்பி நாலையும் காட்டினேன்.

"தெரியும் அத்தா" என்றாள்.

"எப்ப?"

"மொத மீன் செத்த அன்னைக்கே. எண்ண மாட்டேனா? பின்னாடி கொடில ஸ்பாஞ்சு வெள்ளையாக் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதையும் பாத்தேன்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானம்மா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா மத்தது பொழச்சிருக்குமே?"

"சொன்னா கோவிச்சுக்கிருவீக. அப்புறம் போன எடுக்க மாட்டீக." குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். "மீனு போனாப் போகட்டும்னு இருந்துட்டேன்."

ஒவ்வொரு நாளும் ஐந்தரைக்கு அங்கே உட்கார்ந்து ஒன்று ஒன்றாகக் குறைவதை எண்ணியிருக்கிறாள். காரணமும் தெரியும், மருந்தும் தெரியும், வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையும் அன்றைக்கு இதே பயத்தில்தான் டீ கிளாஸைக் கழுவிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் என்ன மனுஷன் என்று நினைத்தேன். என் கோபத்தை நான் எப்போதும் ஒரு கௌரவமாக வைத்திருந்தேன். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை இப்படி உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"வேற என்னத்தெல்லாம் எங்கிட்டச் சொல்லாம வச்சிருக்க?" என்று கேட்டேன். அதட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"போன வருஷத்துக்கு முந்துன வருஷம் வயித்துல ஒன்னு தங்கல அத்தா. அஞ்சு மாசம். ஆஸ்பத்திரில இருந்து மொதல்ல ஒங்களுக்குத்தான் போன் போட்டேன்."

எனக்கு ஞாபகம் வந்தது. மத்தியானம், கடையில் ஆட்கள் இருந்தார்கள். திரையில் அவள் பெயர் வந்தது. நின்று, மறுபடி வந்தது. நான் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒருவருக்குப் பதினாறு எம்எம் லேட்டரல் குழாயை அளந்து வெட்டிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவள் போட்டதில்லை. ஊரில் நான் சொன்னது, அவளும் பேசவில்லை என்று.

"நான் எடுக்கல" என்றேன்.

"ஆமா அத்தா" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் போனைக் கையிலிருந்து கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.